மூன்று போதும்

ஆறு வருடம் குந்தி எழுந்தேன்.
தோளில் நூறு கிலோ, சுவர் நகர்கிற மாதிரி
மெல்ல, மெல்ல.
தொடை இரண்டும் தூணாயின.
தூண் எங்கே தாண்டும்?
மணற்குழியில் அளவுநாடா ஒவ்வோர் ஆண்டும்
அதே ஐந்து மீட்டர் ஐம்பத்தெட்டில்
வந்து உட்கார்ந்துகொண்டது,
வாடகை தராத குடித்தனக்காரர் போல.

பயிற்சித் தாளின் தலையில்
ஃபர்ஹானா சிவப்புப் பேனாவால் எழுதினாள்:
பவர் கிளீன். ஐந்து சுற்று, மூன்று மூன்று.
பக்கத்தில், என்னிடம் கேட்டுக் கேட்டு,
கோணலாகத் தமிழில் ஒரு சொல்: வெடி.
பட்டாசு கொளுத்த முடியாத தீவில்
இதற்காவது அனுமதி உண்டா என்றேன்.
ஒன்பது மணி வரை, என்றாள்.

நிஜம்தான். புக்கிட் கோம்பாக்கில் எங்கள் கூடம்
பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் அடித்தளத்தில்.
ஒன்பதுக்கு மேல் கம்பியைப் போட்டால்
எதிர் புளோக் மூன்றாம் மாடி திரு கோ
நகர மன்றத்துக்கு ஃபோன் செய்வார்.
மகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பாவம்.
அதனால் ஏற்றியதை இறக்கவும் பழகினோம்,
இரவல் பீங்கானைத் திருப்பி வைப்பதுபோல.

முதல் வாரம் கைகளால் இழுத்தேன்.
கை வெறும் கயிறு, என்றாள்.
அவளும் அதைப் போன மாதம்தான் கண்டுபிடித்திருந்தாள்.
மணிக்கட்டில் ஊதா. காறையெலும்பில் கம்பி அடித்த கன்றல்.
சாங்கி சரக்கு முனையத்தில் மேற்பார்வையாளர்
தனியே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்,
வீட்டில் எல்லாம் சரிதானே?
நாற்பது கிலோ இரும்போடு தகராறு என்றேன்.
நம்பவில்லை.

தரையிலிருந்து முழங்கால் வரை அவசரமில்லை.
முதுகு பலகை. கம்பி கணைக்காலை உரசியபடி ஏறும்.
முழங்கால் கடந்ததும்
இடுப்பு
பூட்டிய கதவை உதைத்தாற்போல.
அப்போது கம்பிக்கு எடை கிடையாது.
ஒரு கணம், அதிலும் கால்வாசி,
அது யாருடையதும் இல்லை.
பார்ப்பவர்கள் அது மேலே போவதைத்தான் பார்ப்பார்கள்.
நானோ கீழே போய்க்கொண்டிருப்பேன்,
அது விழும் இடத்தில்
தோளைக் கொண்டுபோய் வைக்க.

மூன்றாவது சற்றே மந்தமானால்
நிறுத்து என்பாள்.
தெம்பு இருக்கிறதே.
இருக்கட்டும், இருக்கும்போதே நிறுத்து.
இதுதான் எனக்குக் கஷ்டம்.
துணைப்பாட வகுப்பு, கூடுதல் நேர வேலை,
கடைசி ரயிலில் நின்றபடி தூக்கம் என்று வளர்ந்தவளுக்கு
இரண்டரை நிமிடம் சும்மா நின்று
மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பது.
குந்துவது பிறகு. கனமானவை எல்லாம் பிறகு.
உடம்பு புத்தம்புதிதாய் இருக்கையில்
வேகத்துக்குத்தான் முதல் பந்தி.

பத்து வாரம். சுவா சூ காங் திடல்,
மழை விட்ட சாயங்காலம்.
ஓடினேன். கால் எண்ணி முடிப்பதற்குள்
பலகை வந்துவிட்டது.
பறந்தேன் என்று சொல்ல மாட்டேன்.
தரை தாமதித்தது, அவ்வளவுதான்.
மணலில் விழுந்து திரும்பினால்
சிவப்புக் கொடி.
பிளாஸ்டிசினில் என் காலணி முனை பதிந்து
விரல் நுனி அளவு ஒரு பள்ளம்.
இதை அளக்க மாட்டார்கள்.
எவ்வளவு தூரம் என்பது இனி யாருக்கும் தெரியாது,
தொண்டூழியப் பையன் அதற்குள்
ஈர மணலை வாரிச் சமன்செய்துவிட்டான்.

ஃபர்ஹானா ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்றிருந்தேன்.
என்னைப் பார்க்கவே இல்லை.
ஓடுதடத்தின் ஓரத்தில் முட்டி போட்டு
ஆறு வருடமாக ஒரே இடத்தில் நான் ஒட்டிவந்த
வெள்ளை நாடாவை உரித்தாள்.
பின்னோக்கி நடந்தாள்,
பாதத்தின் பின் பாதம் ஒட்டி வைத்து.
எவ்வளவு என்று கத்தினேன்.
ஒரு விரலை உயர்த்திப் பொறு என்றாள்,
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.