ரெண்டு பத்து

தனகோபால் அண்ணனுக்கு,
ஆகஸ்ட் மாதக் கணக்கு இது.
ஒரே பக்கத்தில் முடிக்கச் சொன்னீர்கள்.
முடியவில்லை.

பார்த்தவர்கள் ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.
இதயம் போட்டவர்கள் நானூற்றுச் சொச்சம்.
"ஒரு லட்சம் பேரு கடைக்குள்ள வந்துட்டு
ஒருத்தரும் வாயத் தொறக்காமப் போனா
அது வியாபாரமா, எழவு வீடா?"
போன மாதம் கேட்டீர்கள்.
குகையிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும்
அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பேசுகிறார்கள் அண்ணா,
உங்கள் முன்னால் பேச மாட்டார்கள்.
நைட்டிப் படத்துக்குக் கீழே
"எனக்கு மூணு எக்ஸெல் இருக்கா" என்று
மாமனாரும் கொழுந்தனும் உலவுகிற இடத்தில்
எவள் எழுதுவாள்?
சேமித்து வைக்கிறாள்.
தங்கைக்கு அனுப்புகிறாள்,
தங்கை எதிர்வீட்டுக்கு.
இதயம் குறைந்து அம்புக்குறி ஏறியிருக்கிறது,
மூன்று மடங்கு.
கைதட்டல் போய்க் காதோடு பேச்சு வந்திருக்கிறது.
இதைச் சொல்லத்தான் பெங்களூர்க் கருத்தரங்கில்
என்னிடம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கினார்கள்,
சாப்பாடு தனி.

பாட்டை எடுத்துவிட்டேன்.
பத்துக்கு எட்டுப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.
நீங்கள் ஆசைப்பட்டு வைத்த நாதஸ்வரம்
யார் காதிலும் விழவில்லை.
முதல் மூன்று நொடிக்குள்
துணியைக் கசக்கி, உதறிக் காட்டிவிட வேண்டும்.
உங்கள் மகன் "வணக்கம் நண்பர்களே" சொல்லி முடிப்பதற்குள்
கட்டைவிரல் அடுத்த கடைப் படி ஏறிவிடுகிறது.
அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

இனி, எழுதத் தயங்கியது.

ராத்திரி ஒன்பதுக்கு எல்லாக் கடையிலும் கூட்டம்.
நமக்கும் உண்டு.
ஆனால் நம் வரைபடத்தில் மட்டும்
இன்னொரு குன்று நிற்கிறது:
ரெண்டு பத்திலிருந்து மூன்று மணி வரை.
முதலில் கோளாறு என்று நினைத்தேன்.
பிறகு, துபாய்க்காரர்கள்.
ஊரைப் பிரித்துப் பார்த்தால்
ஓமலூர், ஆத்தூர், தம்மம்பட்டி, இடைப்பாடி,
நம்ம கொண்டலாம்பட்டி.
வயது இருபத்திரண்டு முதல் முப்பத்தொன்று.
எல்லோரும் தொட்டது ஒரே படம்,
முன்பக்கம் ஜிப் வைத்த,
பால் கொடுக்கிற நைட்டி.

அன்றைக்கு அந்நேரம்
அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடிக்குப் போனேன்.
ஏற்காட்டிலிருந்து ஒரே ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு வளைவில் மினுங்கி, மறைந்து,
கொஞ்சம் கீழே மறுபடி மினுங்கி.
யார், எதற்கு இந்நேரத்தில், தெரியாது.
எத்தனையாவது வளைவு என்று மட்டும் சொல்லலாம்.
உங்களுக்கு நான் மாதாமாதம் சொல்வதும்
கிட்டத்தட்ட அதுதான்.

ஒற்றைக் கையால் எழுதுகிறார்கள்.
"எவ்ளோ." "இருக்கா." "கலரு."
ஒருத்தி வெறும் "ம்".
தாரமங்கலத்துப் பூங்கோதைக்கு விலை அனுப்பினேன்,
முந்நூற்று நாற்பது, ரெண்டு எடுத்தால் அறுநூற்று ஐம்பது.
அவள் கேட்டது:
"நீங்களும் தூங்கலயா?"

இதற்கு நாம் தயாராக எழுதி வைத்த பதில் எதுவும் இல்லை.
"இல்ல" என்று அனுப்பினேன்.
அப்புறம் துணியைப் பற்றி யாரும் பேசவில்லை.
அவள் வீட்டுக்குப் பின்னால் தறி ஓடுகிறதாம்,
அது நின்றால் பிள்ளை விழித்துக்கொள்கிறதாம்.
மூன்றேகாலுக்கு "தூங்கிட்டான்" என்று வந்தது.
வாங்கவில்லை.
கணக்கில் அவள் நழுவிய வாடிக்கையாளர்.

பரிந்துரை என்ற கட்டத்தில்
என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும்:
விளம்பரப் பணம் முழுவதையும்
அந்த ஐம்பது நிமிடத்தில் போடலாம்.
தூங்க முடியாதவர்களிடம் நைட்டி நிச்சயம் விற்கும்.
வேறு யாரைக் கேட்டாலும்
என் பில்லில் பாதிக்கு இதையேதான் சொல்வார்கள்.

எழுதிவிட்டேன்.
கீழே ஒரு வரி மட்டும் என் கணக்கில்:
அந்நேரத்துப் படத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டாம்.
கருநீலம் வையுங்கள்.
குழந்தை கண்ணில் அடிக்கும்.