இங்கேதான்

மார்ச் மாதத்தில் எனக்கு
ஒரு பொய்தான் சோறு போடுகிறது.

ஹுஜிர் கிராமத்திலிருந்து வடக்கே
பைக்கால் ஏரியின் மேலேயே வண்டி ஓட்டிப் போவேன்.
சாம்பல் நிற வண்டி. ஊரில் அதற்கு ரொட்டி என்று பெயர்,
பார்த்தால் தெரியும்.
பின்கதவு உள்ளிருந்து திறக்காது.
ஹீட்டர் என் வலது காலுக்கு மட்டும்.

பின்னால் ஆறு பேர், ஆறு முக்காலிகள்.
பாட்டரிகளை அக்குளில் வைத்து
அடைகாக்கும் கோழிகள் மாதிரி அசையாமல் வருவார்கள்.
ஆறு ஃபோனிலும் ஒரே படம்,
ஹெல்மி சாரெலா எடுத்தது:
கறுத்த பனிக்கட்டிக்குள்
அடுக்கடுக்காய் உறைந்த வெள்ளைக் குமிழிகள்,
அடியாழத்தில் யாரோ பேச வாயெடுத்து
பாதியில் வேண்டாமென்று விட்டதுபோல.
இதைப் பார்த்துத்தான் வேலையை விட்டேன் என்பான் ஒருவன்.
இதைப் பார்த்துத்தான் கேமரா வாங்கினேன் என்பாள் ஒருத்தி,
விலை இன்னும் கணவனுக்குத் தெரியாதாம்.

அப்புறம் கேட்பார்கள்:
எந்த இடம்?

எந்த இடத்தைக் காட்ட?
அந்தப் பனி அந்த மே மாதமே உடைந்து
தண்ணீராகி,
அதில் ஓமுல் மீன் நீந்தி,
அதை நான் பிடித்துப் புகைபோட்டுத்
தின்றும் ஆயிற்று.
ஜனவரிக்கு ஜனவரி ஏரி புதுத் தோல் போர்த்துகிறது.
போன வருஷத்து வெடிப்பு இந்த வருஷம் வழி கேட்டு வருவதில்லை.

இதைச் சொல்லிப் பார்த்தேன் ஒருமுறை.
அன்று யாரும் டிப்ஸ் தரவில்லை.

ஆகவே குமிழி நன்றாக விழுந்த இடமாய்ப் பார்த்து
பிரேக்கைத் தொடாமல் வண்டியை வழுக்கவிட்டு நிறுத்தி
பூட்ஸால் தூளை ஒதுக்கிச் சொல்வேன்:
"இங்கேதான் மண்டியிட்டார்."
ஆறு பேரும் மண்டியிடுவார்கள்.
மடாலயத்தில்கூட அப்படியொரு மௌனம் நான் கேட்டதில்லை.

போன மார்ச்சில் ஒரு பெண், தனியாக.
அறுபது இருக்கும்.
லென்ஸ் மூடி தொலைந்துபோய்
ஜாம் பாட்டில் மூடியை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள்.
எந்த இடம் என்று கேட்கவே இல்லை.
பழக்கதோஷம், நானே நிறுத்தினேன்.
"இங்கேதான் சாரெலா மண்டியிட்டார்."

குனிந்து பார்த்தாள். வெகுநேரம்.
எங்கோ பனி பிளந்து
இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டியது போன்ற ஒலி
எங்கள் காலடி வழியே தீவுப் பக்கம் ஓடிற்று.

"மண்டியிடவில்லை," என்றாள் உடைந்த ரஷ்ய மொழியில்.
"வழுக்கி விழுந்தாள்.
எழ முடியவில்லை.
ஓட்டுநர் டீ போடப் போயிருந்தான்.
வேறு வேலை இல்லாததால் கீழே பார்த்தாள்.
முழங்கால் இப்போதும் வலிக்கிறது எனக்கு."

அந்தக் குளிரில் என் காது சுட்டது.
மன்னிப்புக் கேட்க ரஷ்யச் சொல்லும் வரவில்லை, புரியாத் சொல்லும் வரவில்லை.
பிளாஸ்கைத் திறந்தேன்.
முதல் சொட்டு ஏரிக்கு.
அவளும் விரல் நனைத்துத் தெளித்தாள்.
பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு
மெல்ல, ஒரு காலாக, மண்டியிட்டு
ஒரே ஒரு படம் எடுத்தாள்,
நான் பொய்யாய்க் காட்டிய இடத்தில்.

இந்த வருஷம் மறுபடி ஆறு பேர்.
"இங்கேதான் விழுந்தார்" என்கிறேன்.
யாரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள்,
மண்டியிடுகிறார்கள்.

ஒரு பையன் மட்டும், முக்காலியை விரிக்கப் போய்,
மல்லாந்து விழுந்தான்.
புரண்டு குப்புறப் படுத்தவன்
கன்னத்தைப் பனியில் வைத்தபடி
எழுந்திருக்கவே இல்லை.

நான் டீ போடப் போனேன்.