நூற்றுப் பதினேழாம் இடம்

பதினொரு நாளாய் ஓடுகிறது.
அந்தப் புரதத்துக்கு இன்னும்
நூறு நானோ நொடி ஆகவில்லை.
எனக்கு அதற்குள் இரண்டு சனிக்கிழமை, ஒரு காய்ச்சல்,
அபிஷேகப்பட்டி ரோட்டில் மூன்று பஞ்சர்.

ஆடிக்காற்றில் கம்பி உரசி மின்சாரம் போகும்.
யுபிஎஸ் கத்தும்.
நின்ற இடத்திலிருந்து
அணுக்களை மறுபடி தள்ளிவிடுவேன்.

இன்று மாதிரி எண் இருபத்திமூன்று
நேரில் வந்து நின்றது.
வரக்கூடாது. படிவத்தில் அவர் வெறும் எண்.
ஆனால் வாசலிலேயே சொல்லிவிட்டார்:
முப்பிடாதி, பேட்டையில் லேத்து.
நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு.
"ரிப்போர்ட்டெல்லாம் இங்கிலீசு.
படம் இருக்காமே, அதக் காட்டுங்க."

காட்டினேன்.
ஆயிரத்து நானூற்று எண்பது மணி கோத்த ஒற்றை இழை
தானே சுருண்டு தானே மடிந்து
செல்லின் சுவரில் வைத்துக்கொண்ட வாசல்.
உப்பு போகும். பின்னாலேயே தண்ணீர் போகும்.
கணினிக்கு நிச்சயமான இடமெல்லாம் நீலம்,
தெரியாததை ஆரஞ்சில் ஒப்புக்கொள்ளும்.
(எங்கள் துறையில் அப்படி ஒப்புக்கொள்ளும்
ஒரே ஆள் அதுதான்.)

நூற்றுப் பதினேழாம் இடத்தைப் பெரிதாக்கினேன்.
ஆர்ஜினின் நிற்க வேண்டும் அங்கே. நீளக் கை.
ஆயிரத்து நூற்று இருபத்தாறை
எட்டிப் பிடித்துக்கொள்ளும்.
உங்களுக்கு ஹிஸ்டிடின்.
கை குட்டை.

"அப்ப கதவு தொறக்கல."
திறக்கிறது.
"பொறவு?"
திறந்தபடி நிற்கவில்லை.
"ஆங். ஸ்டாப்பர் இல்ல."

ஐந்து வருடமாய் நான் தேடிய சொல்.
ஆய்வேட்டில் எழுத முடியாது.

"எத்தன நூலு கொறையுது?"
அவர் கணக்கில் நூல் என்பது
அங்குலத்தில் எட்டில் ஒன்று.
ஒரு நூலை ஒரு கோடியாய்க் கீறுங்கள்,
அதில் ஒன்றிரண்டு துண்டு, என்றேன்.
மைக்ரோமீட்டர் பிடிப்பதுபோல
இரண்டு விரலைச் சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.
"அதுக்கா," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கா இம்புட்டும்."

கருவிலேயே நாளம் அடைத்துக் கரைந்திருக்கும்,
இரண்டு பக்கமும்.
விதை உண்டு, வழிதான் இல்லை,
ஊசியில் எடுக்கலாம்...
"டாக்டர் சொன்னாவ. போர் போட மறந்த பைப்பு."
சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
"பிள்ளைக்கும் வருமா?"
உங்கள் வீட்டில் அவர்களின் ரத்தமும் பார்க்க வேண்டும்.
"அவ ரத்தத்தத்தாம்மா
எட்டு வருசமா பாத்தாவ."

நான் சொல்லாமல் விட்டது:
பன்னிரண்டு ஓட்டத்தில் இரண்டில்
அந்தக் குட்டைக் கையோடும்
வாசல் திறந்தே நின்றது.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
அதற்கு நிறம் கிடையாது.

மவுஸைக் கேட்டு வாங்கி
அவரே சுற்றிப் பார்த்தார், மெதுவாக,
சக்கில் மாட்டிய உருப்படியைப்
பார்க்கிற கண்ணோடு.
பிறகு போனில் படம் எடுத்து
வாயருகே வைத்துப் பேசினார்:
"ஒலகு, படம் அனுப்பிருக்கேன்.
செவப்பா ஒரு புள்ளி, அதான்.
பாக்க நல்லாத்தான் இருக்கு."

அந்தக் குரலுக்குப் பின்னால்
யுபிஎஸ் கத்தியதும் பதிவாகியிருக்கும்.