மூன்றாம் எண் கூண்டு

தானே வந்த வருடம்
எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.
தானே வந்தது, தானே போனது,
கரண்டு மட்டும் தானே வரவில்லை.
வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது,
நனையாத தீக்குச்சி ஒன்றுகூட இல்லை.
சிலிண்டர் நிறைய கேஸ். அதன் முன்னால்
இரண்டு பட்டதாரிகள் பசியோடு நின்றோம்.
ஆறு ரூபாய் மெழுகுவர்த்தியை முப்பதுக்கு வாங்கி
மஞ்சக்குப்பத்திலிருந்து மார்போடு அணைத்து வந்தேன்,
பிள்ளையைத் தூக்கி வருவதுபோல.

புத்தி உடனே வந்துவிடவில்லை.
வெள்ளம் இரண்டு தரம் வாசற்படி ஏறி
எட்டிப் பார்த்துப் போன பிறகு, போன தையில்,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆறு தீப்பெட்டி,
மூடியைச் சுற்றி டேப்.
அந்த மாதம் அவ்வளவுதான் முடிந்தது.

மாசியில் ஒன்றுமில்லை, சின்னவனுக்குக் காய்ச்சல்.
பங்குனியில் அரைக்கிலோ பொட்டுக்கடலை,
கல்லுப்பு, ஓர் உருண்டை வெல்லம்.
அவர் நீல டிரம் ஒன்று கொண்டுவந்தார்,
சிப்காட் பக்கம் சல்லிசாகக் கிடைத்ததாம்.
மோந்து பார்த்தேன்.
ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவியும்
அது எதையோ மறக்க மறுத்தது.
அரிசிக்கு வேண்டாம் என்றேன்,
துணி ஊறவைக்கவும் வேண்டாம் என்றேன்.
முகத்தைத் தூக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு பிஸ்கட் தகரம்.
அவல் இரண்டு படி, காய்ந்த வேப்பிலையோடு.
முதுநகரில் வாங்கிய நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம்:
மூன்றாம் நாளே பூனை பரணேறிவிட்டது,
அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டேன்.
பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு நகல்,
பெரியவளின் மார்க் ஷீட், நகை அடகு ரசீது.
நகை பத்திரமாக வங்கியில் இருக்கிறது,
எந்தப் புயலுக்கும் எட்டாத இடம்,
எங்களுக்கும்.

வைகாசியில் டார்ச். ஆனியில் அதற்கு பேட்டரி.
ஆடியில் ஒரு ராத்திரி கரண்டு போனது.
தகரத்துக்குள் இருக்கும் டார்ச்சைத் தேட
ஒரு டார்ச் தேவைப்பட்டது.
இருட்டில் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.
மறுநாள் கதவோரம் ஓர் ஆணி,
அவரே அடித்தார்.

ஐப்பசிக் கடைசியில்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
‘தகரத்தை முதல்ல மேல குடு,
நீ அப்புறமா வா’ என்றார் மெகருன்னிசா அக்கா,
மாடிக் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக் குனிந்து.
அவர் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர்,
நடுவில் தகரம், சீர்வரிசை மாதிரி.
விடிய விடியக் காற்றுக்குக் காது கொடுத்தோம்.
அது வடக்கே திரும்பிவிட்டதாக
ஐந்து மணிக்கு டிவி சொன்னது.
வெயில் வந்தது. பால்காரர் வந்தார்.

வராத விருந்தாளிக்குச் சமைத்தவளின் கோபம்
எனக்குள் ஒரு சொட்டு இருந்தது.
அதை வெளியே சொல்லக் கூடாது.
கெடிலத்தின் அந்தக் கரையில்
கூரை வீடுகள் இருக்கின்றன.

மார்கழியில் திறந்தால் அவலில் லேசாகச் சிக்கு வாடை.
இனி தாங்காது. வறுத்தேன், வெல்லம் தட்டிப் போட்டேன்.
‘புயல் சாப்பாடு’ என்று பிள்ளைகள் பேர் வைத்தார்கள்.
பளபளவென்ற வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து
மூன்று நாள் சாப்பிட்டோம், அக்காவும் ஒரு கிண்ணம்.
தேங்காய் போட்டிருக்கலாம் என்றார்.

நாலாம் நாள் தகரத்தைத் தட்டினேன். டங்.
ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்.
‘இப்ப வந்தா?’ என்று கேட்டான் சின்னவன்.
நான் வானத்தைப் பார்த்தேன், பர்ஸைப் பார்த்தேன்.
அவன் டவுசர் பையிலிருந்து
பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தான்,
எண்ணினான், நாலு.
உள்ளே வைத்து மூடி, பல்லால் டேப்பைக் கடித்து
அவனே சுற்றி ஒட்டினான்.

எறும்பு வரும்.
சொல்லவில்லை.