டபிள்யூவை அழுத்தாதே

துப்பாக்கியை முதல் நொடியிலேயே கீழே போட்டுவிடுவோம்.
கனம்.
வெறுங்கத்தியோடு ஓடினால் வேகம் கொஞ்சம் கூடும்,
அதற்காகத்தான் கத்தி.
குத்த ஆளில்லை.
வந்த யாரும் குத்துப்பட வரவில்லை.

காலையிலும் என் கையில் ஒரு கத்தி இருந்தது.
குலசேகரம் தாண்டி, மூன்றரை மணிக்கு,
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூற்று இருபது ரப்பர் மரம்.
ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு கூடுதலாக நின்றால்
கடைசி மரத்தில் வெயில் ஏறிவிடும்,
சிரட்டையில் பால் பாதிதான் விழும்.
ஷீட் அடித்து, குளித்து,
போகாத ஆசிட் வாடையோடு
பதினொரு மணிக்கு உட்காருவேன்.
மழை நாளென்றால் விடியும் முன்பே.

சிஸ்டம் பழசு. விளையாட்டு அதைவிடப் பழசு.
சுவரெல்லாம் சதுரம்,
வானம் ஒரு பெட்டியின் உட்புறம் ஒட்டிய படம்.
புதுசு புதுசாக வாங்கி விளையாடும் மச்சினன் பிபின்ராஜ்
பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதுல என்னலே இருக்கு? சுடவும் மாட்டங்கிய."

அன்றைக்குச் சொல்ல வரவில்லை.

எழுதியவர்கள் கணக்கில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள், பிபினே.
தரையில் ஓடினால் வேகத்துக்கு வரம்பு.
அந்தரத்தில் அந்த வரம்பு சரியாகப் பூட்டவில்லை.
குதித்ததும் டபிள்யூவை விட்டுவிட வேண்டும்.
முன்னே போகிற பொத்தானை அழுத்தினால்
முன்னே போக மாட்டாய்.
இடது பொத்தான், மௌஸும் இடது.
வலது, மௌஸும் வலது.
குளத்தில் தண்ணிப்பாம்பு போகிற மாதிரி.
கால் பட்டதும் மறுபடி குதி,
வந்தது யாரென்று
தரைக்குத் தெரிவதற்குள்.

ஓட்டையை யாரும் அடைக்கவில்லை.
நாங்கள் உள்ளே குடியேறிவிட்டோம்.

திருவட்டார் ஜெர்பின் ஒரு மேப் செய்தான்.
மாத்தூர் தொட்டிப்பாலம்.
ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய் அளந்து
காவலாளியிடம் நல்ல வசவு வாங்கி வந்து செய்தது.
இருபத்தெட்டுத் தூணும் உண்டு.
நடக்கிற பாதையைக் கழற்றிவிட்டான், கைப்பிடியும் இல்லை,
தூண்களின் தலை மட்டும்.
கீழே பறளியாறு.
விழுந்தால் சாவில்லை,
முதல் தூண்.

பதினேழாவது தூணை ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறான்.
கை தவறியா, வேண்டுமென்றா?
கேட்டால் "சாடிப் பாரு" என்பான்.
நான்கு மாதம் பாய்ந்தேன்.
நான்கு மாதமும் பறளியாறு.
கடைசி நேரத்தில் பயந்து
நடுவிரல் தானாகப் போய் டபிள்யூவில் விழும்.
அதை எனக்கு எத்தனையோ பேர் சொன்னார்கள்.
விரலுக்குச் சொல்ல முடியவில்லை.

ஆவணி மழையில் ஒரு நாள்
பட்டையில் ஈரம் வழுக்கி
இடது கை நடுவிரலில் கத்தி இறங்கியது.
மூன்று தையல். தடிமனான கட்டு.
வெட்டுக்குப் போகவில்லை.
விரலை மேலே நீட்டிக்கொண்டு, வேறு வேலை இல்லாமல், உட்கார்ந்தேன்.

பதினாறு.
பாய்ந்தேன். பயந்தேன்.
அழுத்த விரல் இல்லை.

பதினேழில் நின்றேன்.

அங்கே ஆறு பேர் முன்பே இருந்தார்கள்,
ஒருவனும் ஒன்றும் எழுதவில்லை.
எல்லோரும் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து,
கையில் கத்தியோடு
அந்தக் குறுகிய தூண் தலையில்
தவளைகள் மாதிரி.
சிரித்ததில் கால் நகர்ந்து
நானே கீழே விழுந்தேன்.

தமாமிலிருந்து ஷாஜிமோன் வெள்ளிக்கிழமை வருவான்.
பன்னிரண்டு பேர் தூங்கும் அறை, கடன் வாங்கிய லேப்டாப்.
லைன் அவ்வளவு மெதுவு,
அவன் விழுந்து, முதல் தூணுக்குப் போய்,
"போச்சுடே" என்று எழுதிய பிறகும்
எங்கள் திரையில் அந்தரத்தில்தான் இருப்பான்,
ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே,
நல்ல வேகத்தில்.