பக்கம் நாற்பத்திரண்டு

தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பழமொழி:
இக்கரைக்கு… கறுப்பு மை… பச்சை.
"அங்கே நிற்காதே, மேலே படி"
என்கிறார் ஆசிரியை, ஜன்னலுக்கு முதுகு காட்டி.

கிழக்கு ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று.
பினாங்குக்கு அப்பால் கடல்,
கடலுக்கு அப்பால் ஒன்றுமில்லை:
காலை உறுதிமொழியில் தினமும் சொல்கிறோம்.

அப்படியென்றால் துறையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஃபெரி
எங்கேதான் போய்வந்தது?

கேட்ட யுகனேஷுக்கு
இரண்டு நாள் சாப்பாட்டு அட்டை முடக்கம்.
என் ரொட்டியில் பாதி அவனுக்கு; சூ யீ சம்பல் தந்தாள்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினேழாவது தளம்.
பலகையில் ஓர் ஆணித் துளை.
நேற்றிரவு டார்ச்சை அதில் பொருத்தி
மூன்று முறை அமுக்கினேன்.

மழை. கொசு. கும்மிருட்டு.
போர்வைக்குத் திரும்பப் போனேன்.

தூரத்தில் மினுக். மினுக். மினுக்.
பிறகு, நான் கேட்காமலே,
நான்காவது.