இருநூற்று நாற்பது ஜி.எஸ்.எம்.

ஹெவிவெயிட் என்றால் எங்களுக்குத் துணி.
சதுர மீட்டருக்கு இருநூற்று நாற்பது கிராம்.
வட்டக் கட்டரை அழுத்தித் திருகினால்
அப்பளம் போல் ஒரு துண்டு கழன்று வரும்.
தராசு இரண்டு புள்ளி நான்கு காட்டவேண்டும்.
பத்தொன்பது வருடமாக
திருப்பூரில் நான் நிறுத்த ஹெவிவெயிட் அவ்வளவுதான்.

அந்த ஆர்டர் வந்தபிறகுதான் தெரிந்தது
மனிதர்களிலும் அப்படி உண்டு என்று.
நெஞ்சில் முகம் போட்ட பனியன். ஐந்து முகம்.
நான்கு பேர் செத்துப்போன குத்துச்சண்டைக்காரர்கள்.
ஐந்தாமவன் டோரியன் வெல்க்,
ஆறடி ஒன்பது அங்குலம்,
நூற்றிருபத்திரண்டு கிலோ,
இதுவரை யாரிடமும் தோற்காதவன்.

வரிசையில் முதல் ஆள் ஆம்புரோஸ் டீல்.
எண்பத்தாறு கிலோ.
காது இரண்டும் வதங்கிய கத்தரிக்காய்.
கறுப்பு மையில் ஒரே ஸ்கிரீனோடு முடிந்துபோனான்.
வெல்க்குக்கு எட்டு வேண்டியிருந்தது.
பச்சை குத்திய கழுத்துக்கு மட்டும் மூன்று.

டீ வந்ததும் பொங்கியண்ணன் ஆரம்பித்தார்.
"இந்தப் பழைய ஆளு நாப்பது ரவுண்டு நின்னவனுங்.
கையி ஒடஞ்சும் நின்னவன்.
உங்காளு பன்னண்டுக்கே நாக்கத் தள்றான்."

"போங்ணா," என்றான் க்யூரிங் மெஷின் தரணீதரன்,
"முப்பத்தாறு கிலோ வித்தியாசம்.
அவன் கிட்டத்துல வாரதுக்குள்ள
இவன் கை போயிருமாக்கு."

"அன்னிக்கு ஏதுடா புரோட்டீன் பவுடரு?
டீலை இன்னிக்கு வளத்திப் பாரு, தெரியும்."

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த தெய்வாத்தாள்
கத்தரியை நிறுத்தாமல் சொன்னாள்:
"இன்னிக்கு வளத்துனா அது வேற ஆளுங்கொ."

பொங்கியண்ணன் போனை நீட்டினார்.
பழைய படத்தில் டீல் அடிக்கிறான், மின்னல்.
ஆனால் பின்னால் தொப்பிக்காரர்களும்
அதே மின்னலில் கைதட்டுகிறார்கள்.
கேமராவைச் சுற்றியவன் கைதான் வேகமோ என்னவோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை,
அவர்களுக்கு இன்னும் சனி இரவு,
இரண்டாம் ரவுண்டில் வெல்க் விழுந்தான்.
அடித்தவன் பெயர் தரணிக்கே தெரியாது.
திங்கட்கிழமை மெயில் வந்தது:
வெல்க் மூவாயிரத்து அறுநூறு பீஸ் வேண்டாம்.
டீலில் ஆயிரம் கூட்டவும்.

தரணி அன்று டீ குடிக்கவில்லை.
பொங்கியண்ணன் ஜெயித்த மாதிரி நடந்தார்.
"அவுரு இந்த வாரம் சண்டை போடுலீங்களே,"
என்றாள் தெய்வாத்தாள்.
"செத்தவனுக்கு ஏதுங் சனிக்கெழம?"

வெல்க் காதர்பேட்டைக்குப் போனான்.
பீஸ் கணக்கில்லை, கிலோ கணக்கு.
எண்ணூற்றுச் சொச்சம்.
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்,
கிட்டத்தட்ட ஏழு வெல்க்.

ஆடிக் காற்று தொடங்கியபோது
ஊர் முழுக்க அவன் முகம்.
ஊத்துக்குளி ரோட்டில் லாரிக்கு அடியில் தூங்கினான்.
பரோட்டாக் கல்லின் முன்னால் வியர்த்தான்.
எங்கள் லோடுமேன் சென்னியப்பன்
மொத்தமே ஐம்பத்தெட்டு கிலோ;
வெல்க்கின் தாடை அவன் தொப்புளுக்கு மடிந்து தொங்க,
ஐம்பது கிலோ நூல் மூட்டையை
மூன்றாம் மாடிக்கு ஏற்றினான்,
ஒரு நாளைக்கு நாற்பது நடை,
மணியடித்து நிறுத்த யாருமில்லை.

இருவர் வாதமும் இன்னும் ஓயவில்லை.
நேற்று ஷிப்ட் முடிந்து ஆளில்லாதபோது
ரிஜெக்ட் பீஸ் இரண்டை எடுத்தேன்.
டீலின் மூக்கை நடுவில் வைத்து ஒரு வட்டம்.
வெல்க்கின் மூக்கை நடுவில் வைத்து ஒரு வட்டம்.
ஃபேனை நிறுத்திவிட்டு நிறுத்தேன்.
டீல், இரண்டு புள்ளி ஐந்து.
வெல்க், மூன்று புள்ளி ஒன்று.
துணி ஒன்றுதான். மிச்சம் எட்டுக் கலர் மை.

ரிஜிஸ்டரில் இதற்குக் கட்டம் இல்லை.
பொங்கியண்ணனிடம் சொன்னால் மனசு விட்டுப்போவார்.
ஐந்து வாஷ் போட்டு
இன்னொரு தடவை நிறுக்க வேண்டும் என்று
இரண்டு முகத்தையும் டிராயரில் வைத்திருக்கிறேன்,
ஒன்றின்மேல் ஒன்றாக.